பாங்காக் புத்தர் கோயில் வாசற்படியைத் தாண்டுவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

தாய்லாந்துக்குக் கூட்டிப் போகிற பயண ஏற்பாட்டாளர்கள் எந்த ஓட்டலில் சாம்பார் கிடைக்கும், எந்தக் கடையில் பேரம் பேசலாம் என்பதுவரை சொல்லித் தருவார்கள். கோயில் வாசலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அம்மா, அத்தை, தம்பி குடும்பம், அவன் கைக்குழந்தை என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு பாங்காக்கில் கோயில் கோயிலாக ஏறி இறங்கினோம். உடை சரியில்லை, நேரம் முடிந்துவிட்டது, இந்தக் கதவு வழியாகப் போகக் கூடாது என்று ஒவ்வொரு வாசலிலும் ஏதோ ஒன்றுக்காக நின்றுவிட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்லாந்துப் புத்தர் கோயிலில் நிலைப்படியை மிதிக்கக் கூடாது. காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும், படிமேல் நிற்கவும் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன், தோளில் பை, பின்னால் தள்ளும் கூட்டம் என்று இருந்தால் கால் தானாகப் படிமேல் போய்விடும். அதனால் செய்ய வேண்டியதை எல்லாம் படிக்கு வருமுன்பே முடித்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. கிளம்புமுன்: காகிதங்கள்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் தங்கும் காலத்தை 2024 ஜூலையில் 60 நாளாக உயர்த்தினார்கள். ஆனால் இந்த விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள், டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். டிடாக் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடினால் காசு கேட்கிற போலித் தளங்கள்தான் மேலே வந்து நிற்கும், குடியேற்றத் துறையின் அரசுத் தளம்தானா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். வருகிற கியூஆர் குறியீட்டைப் போனில் படமாகச் சேமித்துவையுங்கள்.

கோயிலுக்குப் போகும் நாளில் அசல் பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலை எடுத்துப் போகிற வழக்கம் எங்களுடையது. கையில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

2. எந்தக் கோயில், எவ்வளவு, எத்தனை மணிக்கு

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில் இருக்கிற மூன்றைப் பார்ப்பார்கள். அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலான வாட் ப்ர கேவ், பக்கத்திலேயே சயன புத்தர் இருக்கும் வாட் போ, ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருண். வெளிநாட்டவருக்கு நாங்கள் கொடுத்த கட்டணம் முறையே 500, 300, 200 பாட். ஆளுக்கு 1,000 பாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட் இரண்டரை ரூபாயிலிருந்து மூன்று ரூபாய்க்குள் இருக்கும், அப்படியானால் தலைக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய். இந்தக் கட்டணங்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாக் கூட்டம் வராத சாதாரணத் தெருக்கோயில்களில் பெரும்பாலும் கட்டணமே இல்லை.

அரண்மனையில் டிக்கெட் தருவது காலை 8:30 முதல் மாலை 3:30 வரை. இதில்தான் எங்கள் ஏற்பாட்டாளர் கவிழ்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று கோயிலையும் வைத்திருந்தார், போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்டரை மூடிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டரைக்கே அரண்மனை வாசலில் நின்றுவிடுங்கள். அதை முடித்துவிட்டு வாட் போ, அப்புறம் தா தியன் படித்துறையிலிருந்து ஐந்து பாட் படகில் அக்கரைக்கு வாட் அருண். சனம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் வாட் போ நடக்கிற தூரம்தான்.

ஒரு எச்சரிக்கை. அரண்மனைச் சுவர் ஓரமாக நடக்கும்போது நல்லபடியாக உடுத்திய ஒருவர் வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு டுக்டுக்கில் மலிவாகக் கூட்டிப்போகிறேன்” என்பார். நம்பாதீர்கள். அந்த டுக்டுக் கடைசியில் நகைக்கடையிலோ தையற்கடையிலோதான் போய் நிற்கும். திறந்திருக்கிறதா என்பதை வாசல் வரை போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. உடை

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, கிழிசல் ஜீன்ஸ், உடம்போடு ஒட்டிய லெக்கின்ஸ் போட்டிருந்தால் அரண்மனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொள்கிறேன் என்றால் எல்லாக் காவலர்களும் ஒப்புக்கொள்வதில்லை. எதிர்ச்சாரியில் யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை விற்கிறார்கள், அவசரத்துக்கு வாங்குபவரிடம் விலையும் அவசர விலைதான். முந்தின நாளே சந்தையில் வாங்கிவிடுங்கள்.

சுடிதார் ரொம்பச் சௌகரியம். சேலை கட்டினால் கையுள்ள ரவிக்கை, இடுப்பு மூடும்படி முந்தானை. சேலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அதைப் படி தாண்டும் இடத்தில் சொல்கிறேன்.

4. வாசல் எங்கே தொடங்குகிறது

நாம் கதவைத்தான் வாசல் என்று நினைக்கிறோம். தாய்லாந்துக் கோயிலில் அது வெளி மதிலிலேயே தொடங்கிவிடுகிறது. வாட் ப்ர கேவ் வாயில்களில் ஆளைவிடப் பல மடங்கு உயரமான யட்சர்கள் ஜோடி ஜோடியாக நிற்கிறார்கள், மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் பச்சை நிறத் தோசகன், அதாவது தசகண்டன், நம் ராவணன்தான். தாய்லாந்து ராமாயணமான ராமகியனில் எதிரியாக வருகிறவர் இங்கே புத்தருக்குக் காவல். வாட் அருணிலும் இவர் இருக்கிறார், வெள்ளை நிற யட்சரான சகசதேசனோடு சேர்ந்து. இந்த இடத்தில் நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உள்வாசலில் செய்யக் கூடாததை எல்லாம் இங்கேயே செய்து முடிக்கலாம்.

மதிலுக்குள்ளே ‘போட்’ என்கிற உபோசத மண்டபம் இருக்கும். பிக்குகளுக்குத் தீட்சை தருவது இங்கேதான். அந்த மண்டபத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் இலை வடிவில் எட்டுக் கற்கள் நட்டிருப்பார்கள், சில இடங்களில் சிறு கூண்டுக்குள் இருக்கும். சேமா என்று பெயர். ஒன்பதாவது கல் உருண்டையாக மண்டபத்தின் நடுவே தரைக்கு அடியில் புதைந்திருக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் நிலத்தை அரசர் பிக்குகளின் சங்கத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டதாகக் கணக்கு. வெளி உலகத்தின் அதிகாரம் அந்தக் கல்லோடு நின்றுவிடுகிறது. ஒரு மண்டபத்தைச் சுற்றி இந்தக் கற்கள் தெரிந்தால் அங்கே குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள், கல்மேல் பையை வைக்காதீர்கள், சாயாதீர்கள்.

5. செருப்பு

மாட்டிக் கழற்ற எளிதான செருப்பாகப் போடுங்கள். ஷூ போட்டவர் லேஸ் அவிழ்க்கக் குனிந்தால் அவர் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். படிக்கட்டின் கீழேயோ அலமாரியிலோ விட வேண்டும், நிலைப்படிமேலும் அதற்கு நேர் முன்னாலும் விடக் கூடாது. வாட் போவின் சயன புத்தர் மண்டபத்தில் ஒரு வழியாக ஏறி இன்னொரு வழியாக வெளியே வருவீர்கள், அதனால் பை தருவார்கள், செருப்பை அதில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துணிப்பையை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் எல்லா இடத்திலும் உதவும்.

ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் தாண்டினால் வெளிப்பிரகாரத்துக் கல் காலைச் சுட்டுவிடும். ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காதில் மாட்டியிருக்கும் கருவி எல்லாவற்றையும் செருப்போடு சேர்த்து இங்கேயே கழற்றுங்கள். போனை ஒலியடக்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

6. படியைத் தாண்டுவது

நிலைப்படி கணுக்கால் உயரமும் இருக்கும், சில பழைய மண்டபங்களில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரைகூட வரும். நிறையக் கோயில்களில் கனத்த மரம், சில இடங்களில் கல். வெயிலிலிருந்து இருட்டான மண்டபத்துக்குள் போவதால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு கை தூரத்தில் நின்று, கீழே பார்த்து, உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி உள்தரையில் முழுதாக ஊன்றி, அப்புறம் அடுத்த காலை எடுங்கள். வலதா இடதா என்று தயங்க வேண்டாம், படியில் படாமல் போகிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். சேலை கட்டியவர்கள் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள். முன்கொசுவம் படியின் விளிம்பில் சிக்குவதுதான் நான் சொன்ன சிக்கல். என் அத்தை கையில் தாமரை மொட்டு, பை இரண்டையும் வைத்துக்கொண்டு தாண்டப் பார்த்தார், ஒரு தாய்லாந்துப் பெண்மணி ஓடிவந்து முழங்கையைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

ஏன் மிதிக்கக் கூடாது? அங்குள்ளவர்களிடம் கேட்டால் படியில் காவல் தெய்வம் இருக்கிறது என்பார்கள். கோயிலில் மட்டும் இல்லை, பழைய மரவீடுகளிலும் இதே நம்பிக்கைதான். நமக்கு இது புதிதே இல்லை. வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, படியில் உட்காராதே, படியில் நின்று பேசாதே, படிக்கு அந்தப் பக்கமிருந்து காசை நீட்டாதே என்று பாட்டி சொன்னதெல்லாம் உடனே நினைவுக்கு வரும். நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் அடியிலும் மேலும் இருக்கிற முளை, நிலைச்சட்டத்தின் குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. நிலையைக் கோணாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த அடிமரம்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் மிதித்தால் அது தேயும், நிலை சாயும், கதவு தரையில் உரசும்.

இந்தப் படிக்கு அவர்கள் கொடுக்கிற மதிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு தீட்சைச் சடங்கைப் பார்க்க வேண்டும். சுற்றுலாக்காரர்கள் இல்லாத ஒரு சிறு கோயிலில் தற்செயலாக அது எங்களுக்கு வாய்த்தது. மொட்டையடித்து வெள்ளை உடுத்திய இளைஞனை ‘நாக்’ என்கிறார்கள், நாகம்தான். கொட்டுமுழக்கோடு மண்டபத்தை மூன்று முறை வலம் வந்தார்கள். கதவுக்கு முன்னால் அவன் வண்ண ரிப்பனில் சுற்றிய காசுகளைக் கூட்டத்தைப் பார்த்து இறைத்தான், குழந்தைகளும் கிழவிகளும் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். அப்புறம் அவன் படியை நோக்கி ஒரு அடிகூட வைக்கவில்லை. உறவுக்காரர்கள் நாலைந்து பேர் அவனை இடுப்போடும் தொடையோடும் சேர்த்து அப்படியே தூக்கினார்கள். அவன் கையை மேலே நீட்டி நிலையின் மேல்சட்டத்தை விரலால் தொட்டான், அந்த நொடியில் அவனைப் படிக்கு மேலாக உள்ளே இறக்கிவிட்டார்கள். கால் படியில் படவே இல்லை. பிக்குவாகப் போகிறவனையே இப்படித் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றால், வேடிக்கை பார்க்கப் போகிற நாம் காலைக் கொஞ்சம் தூக்கி வைக்கலாம் இல்லையா.

படியில் நம்மவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. நம் கோயில்களில் அது பக்தி. இங்கே அந்த வழக்கம் இல்லை, குனிந்து நின்றால் பின்னால் வருபவர் உங்கள்மேல் இடித்துக்கொள்வார். உள்ளே போய்க் கும்பிடுங்கள்.

படியில் நின்று படம் எடுப்பது. மரகத புத்தர் மண்டபத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை, வெளியிலிருந்து கதவு வழியாக எடுத்தால் விடுகிறார்கள். அதனால் எல்லோரும் படிமேல் ஏறி நின்று போனை நீட்டுகிறார்கள், வழி அடைபடுகிறது, காவலர் அதட்டுகிறார். எடுக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று அடி தள்ளி ஓரமாக நில்லுங்கள். சிலை 66 சென்டிமீட்டர்தான், உயரமான பீடத்தில் தூரமாக இருக்கிறது, எப்படி எடுத்தாலும் பச்சைப் புள்ளியாகத்தான் தெரியும். அதற்காக வாசலை அடைப்பது வீண்.

நடுக்கதவு வழியாகப் போவது. அதே மண்டபத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று கதவுகள், நடுவில் பெரிதாக இருப்பது அரசருக்கு மட்டும். பக்கக் கதவில் வரிசை போகிறது என்றால் அதில்தான் போக வேண்டும்.

கதவில் சாய்வது. வாட் போ உபோசத மண்டபக் கதவுகளில் ராமகியன் காட்சிகளை முத்துச்சிப்பி பதித்து இழைத்திருக்கிறார்கள். கைபட்டால் வியர்வை அப்பிக்கொள்ளும். தள்ளி நின்று பாருங்கள், சாய்வாக ஒளி விழும்போது அது மின்னுவதைப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஒதுக்கலாம்.

பிக்கு வந்தால் வழிவிடாமல் நிற்பது. அவர் முதலில் தாண்டட்டும். பெண்கள் அவர்மேல் படக் கூடாது, காவி உடையின் நுனிகூட. குறுகிய வாசலில் இது எளிதாக நடந்துவிடும், அவரைக் கண்டதும் இரண்டு அடி பின்னுக்கு வாருங்கள்.

தவறி மிதித்துவிட்டால்? பதற வேண்டாம். காலை எடுத்து, கை கூப்பித் தலை சாய்த்துவிட்டு உள்ளே போங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், நின்று விளக்கம் சொல்வதுதான் இன்னும் இடைஞ்சல்.

7. உள்ளே, அப்புறம் வெளியே

தாண்டியதும் நிற்காமல் பக்கவாட்டில் நகருங்கள். உட்காரும்போது இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் பின்னுக்கு மடித்து, பாதம் புத்தரைப் பார்க்காமல் உட்கார வேண்டும். மூன்று முறை நெற்றி தரையில் படக் கும்பிடுவார்கள், நமக்குத் தெரிந்தபடி கைகூப்பினாலும் போதும். வெளியே வரும்போதும் படி படிதான், அப்போதுதான் எல்லோரும் மறந்து மிதிக்கிறார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசும், கீழே பார்த்துத் தாண்டுங்கள்.

8. வயதானவர்கள், குழந்தைகள்

அம்மாவுக்கு முழங்கால் வலி. நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு தாண்டுவதில் தவறில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கூட்டம் குறையும்வரை ஓரமாகக் காத்திருந்து போனால் போதும். கைக்குழந்தை வண்டியை வெளியே மடித்து வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். நடை பழகின குழந்தைக்கு அந்தப் படி உட்கார்ந்து விளையாட அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும், கையை விடாதீர்கள். சக்கர நாற்காலி என்றால் வாசலில் இருக்கும் ஊழியரைக் கேளுங்கள், சில இடங்களில் சாய்தளப் பலகை வைத்திருக்கிறார்கள். சக்கரம் படியில் படுகிறதே என்று யாரும் குறை சொல்லி நாங்கள் பார்க்கவில்லை.

9. இன்னும் இரண்டு வாசல்கள்

நேரமிருந்தால் வாட் போவோன்னிவேட் போங்கள். ‘சியாவ் காங்’ என்கிற சீனச் சாயல் கொண்ட துவாரபாலகர் அங்கே வாயிற்கதவிலேயே செதுக்கப்பட்டிருக்கிறார், வாயெல்லாம் கறுப்பு. வேண்டுதல் நிறைவேறினவர்கள் முன்னாளில் அவர் வாயில் அபின் தடவினார்களாம், இப்போது பால் கலக்காத காப்பி படைக்கிறார்கள். கதவுக்காரருக்கே தனி பூசை நடக்கிற இடம்.

இன்னொன்று சைனாடவுனில் உள்ள வாட் மங்கோன் கமலாவாட். அதே பெயரில் மெட்ரோ நிலையம் உண்டு, கட்டணம் இல்லை. சீனர்களின் மகாயானக் கோயில், முன்மண்டபத்தில் நான்கு திசை அரசர்கள் காவல் இருக்கிறார்கள். படியை மிதிக்காத பழக்கம் இங்கும் உண்டு, கெட்ட ஆவிகள் உள்ளே வராமல் உயர்ந்த படி தடுக்கும் என்பது சீனர்களின் நம்பிக்கை. சீனக் கோயில்களில் கோயிலைப் பார்த்து நிற்கும்போது வலப்பக்கம் இருக்கும் வாசலில் நுழைந்து இடப்பக்கம் வெளியே வருவது முறை. செருப்பு விஷயத்தில் ஒவ்வொரு மண்டபத்திலும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் செய்யுங்கள்.

10. சியாங் மாய் போகிறவர்களுக்கு

வடக்கே சில கோயில்களில் குறிப்பிட்ட மண்டபங்களுக்குள் பெண்களுக்கு அனுமதி கிடையாது. வாட் செதி லுவாங் வளாகத்தில் நகரத்தின் காவல் தூண் இருக்கும் இந்தகின் சன்னதி அப்படிப்பட்டது, வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். இதை ஏற்கிறோமா என்பது வேறு பேச்சு, எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அம்மாவையும் அத்தையையும் வெயிலில் நடத்திக் கூட்டிப்போய்ப் படிக்குப் பக்கத்தில் வைத்துப் பலகையைக் காட்டுவது கொடுமை. முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் அவர்கள் அதே வளாகத்தில் இடிந்து நிற்கும் பெரிய செங்கல் தூபியைச் சுற்றிப் பார்க்கலாம், நிழலும் பெஞ்சும் இருக்கின்றன.